இசக்கிதுரை ரசிகர் மன்றம்

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, அதைத்தானே யோசிக்கிறீர்கள்? பஸ் ஏறியதிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள். வீடியோவில் பார்த்திருப்பீர்கள் சார். ஊரே பார்த்தாயிற்று. கொல்லிமலை வளைவில் ஒருத்தன் பச்சைத் துண்டைச் சுழற்றிக்கொண்டு குதிப்பான், அவனுக்குப் பின்னால் சைக்கிள்காரர்கள் கொத்தாகப் போய் விழுவார்கள். குதிக்கிறவன் நான்தான். பெயர் அர்த்தநாரி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன்.

விழ வைத்ததும் நான்தான் என்கிறார்கள். அதற்குத்தான் கோயமுத்தூர் போய்விட்டு வருகிறேன். விழுந்தவன் அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நாளைக்குப் போலீஸ் அவனிடம் வாக்குமூலம் வாங்குகிறது. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை சாதகமாக வந்தால் எனக்கு ஒன்றுமில்லை. வராவிட்டால் நானும் என் மச்சினனும் உள்ளே போக வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் போனேன். வேறு எதற்கும் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு இந்தப் பந்தயம் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள், தண்ணீர் பாட்டிலை இரண்டு கையால் பிடிக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. ஏழு நாள் பந்தயம். கன்னியாகுமரியில் ஆரம்பித்து மெட்ராஸில் முடியும். தினமும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர். ஏழு நாள் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். ஐரோப்பாவிலிருந்தெல்லாம் சம்பளத்துக்கு ஓட்டுகிற ஆட்கள் வருவார்கள். அங்கே ஜனங்கள் எப்படி, ஓரமாக நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களா? அது என்ன ரசனை? எனக்குப் புரியவில்லை.

போன வருஷம் வரைக்கும் எனக்கும் இதெல்லாம் தெரியாது. ஒரு லாரியை ஒப்படைக்கப் போன இடத்தில், காரவள்ளி அடிவாரத்தில் போலீஸ் நிறுத்திவிட்டது. சைக்கிள் வருதாம், லாரி நிற்கணுமாம். கடுப்போடு இறங்கி நின்றேன். அப்போது ஒருத்தன் தனியாக ஏறி வந்தான். லாரியே முதல் கியரில் முக்குகிற ஏற்றம் சார் அது. அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிகிறது. துடைக்கவில்லை. நாக்கை நீட்டி அந்த ரத்தத்தை நக்கிக்கொண்டே மிதித்தான். கண் எங்கேயோ இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அதுதான் இசக்கிதுரை. தென்காசிப் பக்கம் கடையத்துக்காரன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவன் நம்ம ஆள்.

மன்றம் ஆரம்பித்தேன். நான் தலைவர், என் மச்சினன் கொமரேசன் செயலாளர். பட்டறை ஆட்களும் அவர்கள் சொந்தக்காரர்களுமாக நல்ல கூட்டம். இந்த வருஷம் ஒரு குட்டியானை வண்டியில் பேனர், மேளம், ஒலிபெருக்கி எல்லாம் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரியிலிருந்தே பின்னால் போனோம். வீட்டில், "பட்டறைய விட்டுப்போட்டு சைக்கிளுக்குப் பின்னால ஓடறீங்களே, அந்தாளு உங்கள ஏறிட்டாவது பாப்பானா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

முதல் இரண்டு நாள் நல்லபடியாகப் போயிற்று. குற்றாலத்தில் மட்டும் ஒரு சின்ன விஷயம். கூட்டத்தில் நின்ற ஒருத்தர், வயசானவர்தான், "இந்தப் பய இன்னைக்கு அவ்வளவுதாம்ல, மூச்சு வாங்குதான் பாரு" என்றார். சொல்லலாமா சார்? வண்டி கிளம்பும்போது தும்மினாலே நாங்கள் நிறுத்திவைப்போம். கொமரேசன் அவரைச் சட்டையைப் பிடித்துத் தள்ளினான். கொடிக்கம்பத்தில் அவர் மண்டை பட்டுவிட்டது. கொஞ்சம் ரத்தம். கம்பத்தை அங்கே நட்டது நாங்களா?

அப்புறம் வால்பாறை ஏற்றம். அங்கேதான் அந்த மணிக்காரர்கள் வந்தார்கள். டென்மார்க்காரன் ஒருத்தன்தான் அப்போது முதலிடம், முதலிடத்துக்காரனுக்குக் கொடுக்கிற ஆரஞ்சுச் சட்டை போட்டிருப்பான். அவனுக்கு ஆதரவாகக் கோயமுத்தூரிலிருந்து ஒரு கூட்டம். எல்லாரும் படித்தவர்கள், இறுக்கமான கால்சட்டை, கையில் மாட்டு மணி. நம்ம ஆள் வரும்போது அவன் காதுக்குப் பக்கத்திலேயே கிணிகிணியென்று ஆட்டுகிறான் ஒருத்தன். "எல்லாருக்கும்தான் சார் ஆட்டறோம், இது உற்சாகம்" என்றான். அவன் கையிலிருந்து மணியை வாங்கினேன். வாங்கும்போது அவன் வாயில் பட்டுவிட்டது. இரண்டு பல் போயிற்று. அந்தப் பல்லை ரோட்டில் குனிந்து தேடிக்கொண்டிருந்தான், பாவமாகத்தான் இருந்தது. நான் அடிக்கவில்லை சார். அடிப்பது என்றால் வேறு.

அதே ஏற்றத்தில் இசக்கிதுரை சோர்ந்துபோய் வந்தான். மனசு கேட்குமா? நானும் கொமரேசனும் பக்கத்தில் ஓடி, முதுகில் கையை வைத்துக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டோம். அவன் "விடுங்க, விடுங்க" என்றான். கூச்ச சுபாவம். பின்னால் மோட்டார் பைக்கில் வந்த நடுவர் பார்த்துவிட்டு, அவன் கணக்கில் இருபது விநாடி தண்டனை சேர்த்துவிட்டார். அன்பாகத் தள்ளியதற்குத் தண்டனை! அன்றைக்கு முடிவில் பார்த்தால் அவன் அந்த டென்மார்க்காரனுக்குப் பின்னால் சரியாகப் பதினெட்டு விநாடி. பாருங்கள், எவ்வளவு நெருங்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் அவன் எங்களைத் தேடி வந்தான். குளித்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, தனியாக. எங்கள் ஆட்கள் தோளில் தூக்கப் போனார்கள். அவன் கும்பிட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க எல்லாரையும் கும்புடுதேன். பக்கத்துல ஓடி வராதிய. தள்ளாதிய. யாரையும் அடிக்காதிய. எனக்குத்தான் கெட்ட பேரு."

"உனக்காக உசுரையே குடுப்போம் கண்ணு."

"உசுரெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. ரோட்ட மட்டும் எனக்கு விட்ருங்க."

என்ன பணிவு! கொமரேசன் அழுதுவிட்டான். அந்தப் பேச்சை அப்படியே பேனரில் போடலாமா என்று கூட யோசித்தோம்.

மறுநாள் எங்கள் மண். ராசிபுரம் பக்கமாக முள்ளுக்குறிச்சி வழியில் கொல்லிமலை ஏறி, செம்மேட்டைத் தாண்டி, காரவள்ளிப் பாதையில் எழுபது வளைவு இறங்கி, நாமக்கல் கோட்டைக்குக் கீழே முடிவு. காலையிலேயே செல்போனில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள், இவனை மலையில் பிடிக்க ஆளே இல்லையாம், ஆரஞ்சுச் சட்டை இன்றைக்கு இவனுக்குத்தானாம். இத்தனை லட்சம் கண்ணு ஒரு உடம்பின் மேல் பட்டால் தாங்குமா? ஒரு புது லாரி பட்டறையிலிருந்து வெளியே போகிறது என்றால், அதைத் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். அதற்கே பூசணிக்காய் உடைக்காமல் நான் விட்டதில்லை. என் அப்பா விட்டதில்லை. நாமக்கல்லில் எவனும் விட்டதில்லை. இவனுக்கு இதுவரைக்கும் ஒரு எலுமிச்சம்பழம்கூட யாரும் நசுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சேந்தமங்கலம் சந்தையில் நல்ல பெரிய வெண்பூசணியாகப் பார்த்து வாங்கினோம். மேலே சதுரமாக வெட்டி, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூடி, கற்பூரம் வைத்து, எல்லாம் முறைப்படி. இறக்கத்தின் நடுவில் ஒரு வளைவில் போய் நின்றோம். மேலே இரண்டு வளைவு அங்கிருந்து தெரியும், அவன் வருவதைப் பார்த்துச் சுற்றலாம்.

முதலில் போலீஸ் ஜீப் போயிற்று. அப்புறம் மேல் வளைவில் அவன் தெரிந்தான் சார். தனியாக! டென்மார்க்காரன் கூட்டம் பின்னால் எங்கேயோ. சைக்கிளோடு சைக்கிளாகப் படுத்துக்கொண்டு வருகிறான், காற்று கிழிகிற சத்தம் எங்களுக்குக் கேட்கிறது. அவன் ஜெயித்துவிட்டான், அவ்வளவுதான். கொமரேசன் கற்பூரத்தை ஏற்றினான். நான் பூசணிக்காயை அவனிருந்த திசைக்குக் காட்டி மூன்று சுற்றுச் சுற்றினேன். மேளம் அதிர்கிறது. "மாமா, உடைங்க மாமா, வந்துட்டான்!" என்று கொமரேசன் கத்தினான். லாரி வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் உடைத்தால்தானே பலன்? உடைத்தேன். ஓரத்தில்தான் உடைத்தேன் சார். சரிவு, கொஞ்சம் ஓடியிருக்கும். உடைத்துவிட்டுத் துண்டைச் சுழற்றினேன். அதுதான் நீங்கள் வீடியோவில் பார்த்தது.

அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், நீங்கள் வீடியோவை நம்புகிறீர்களா என்னை நம்புகிறீர்களா? முன் சக்கரம் அப்படியே பக்கவாட்டில் போயிற்று. அவன் சைக்கிளை விட்டுப் பிரிந்து, தோளால் போய்த் தடுப்புச் சுவரில் அடித்தான். பச்சை விறகை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். சுவரைத் தாண்டிக் கீழே பாறையில் விழுந்தான். கொஞ்சம் பின்னால் துரத்தி வந்த மூன்று பேரும் அதே இடத்தில் விழுந்தார்கள். ஒரு வெள்ளைக்காரனின் கன்னம் தார் ரோட்டில் தேய்ந்து உள்ளே பல் தெரிகிறது. இன்னொருவன் மேல் சைக்கிள் சங்கிலி சுற்றிக்கொண்டது. மேளக்காரன் என்ன நடந்தது என்று தெரியாமல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான்.

பூசணிக்காய் என்கிறார்கள். எத்தனை வருஷமாக ரோட்டில் உடைக்கிறேன், ஒரு லாரி வழுக்கியிருக்கிறதா? பட்டறை வாசலில் ஒரு தடவை ஸ்கூட்டரில் வந்த டீச்சரம்மா விழுந்து முழங்கை உடைந்தது. அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்கிறேன், உடைக்காமல் விட்டிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பானா? உயிரோடு இருக்கிறான் அல்லவா? அதை எவனும் பேசமாட்டான்.

அவனுக்குப் பின்னாலேயே ஒரு மோட்டார் பைக் வந்தது. டிவிக்காரர்களின் பைக். ஓட்டுகிறவன் ஒருத்தன், பின்னால் காமிராவோடு ஒருத்தன். நான் நன்றாகப் பார்த்தேன், பைக் அவனை ஒட்டித்தான் வந்தது. அந்தக் காற்றே போதும். நாங்கள் சுவரைத் தாண்டி இறங்குவதற்குள் அந்த ஓட்டுகிறவன், ஜெரால்டு என்று பெயராம், மெட்ராஸ்காரன், இறங்கிப் போய் இசக்கிதுரை மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். தப்புச் செய்தவன் என்ன செய்வான்? ஓட வழி இல்லாவிட்டால் இப்படித்தான் அக்கறையாக உட்காருவான்.

"இவன்தான்டா இடிச்சான்!" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

கொமரேசன் அவனுடைய ஹெல்மெட்டைப் பிடுங்கி, அதாலேயே முகத்தில் அடித்தான். ஒருத்தன் கொடிக் கட்டையால் அடித்தான். கீழே விழுந்தபிறகு எத்தனை கால் மிதித்தது என்று எனக்குத் தெரியாது. காமிராக்காரன் மேலே நின்று அழுதான். எங்கள் ஆட்கள் "இசக்கி! இசக்கி!" என்று கத்திக்கொண்டே அடித்தார்கள், ஒரு அடிக்கு ஒரு பெயர். நான் தலைவர், நான் கையை வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை கல்லை எடுத்தேன். அது அந்த ஜெரால்டின் கண்ணுப் பக்கம் பட்டுவிட்டது. அந்தக் கண் இனி தெரியாது என்று சொல்கிறார்கள். அந்த நேரத்தில் பிரியம் சார், பிரியம் கண்ணை மறைத்துவிடும்.

கேஸ் போட்டுவிட்டார்கள், வாக்குமூலம் வரட்டும் என்று கைதை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பந்தயத்துக்கு இடைஞ்சல் செய்தது, கொலை முயற்சி, என்னென்னவோ. வக்கீல் ஒன்றுதான் சொன்னார்: "பைக் இடிச்சுத்தான் விழுந்தேன்னு அந்தப் பையன் சொல்லிட்டான்னா, ஜனங்க ஆத்திரத்துல செஞ்சதுன்னு கொண்டு போயிடலாம்." சொல்லமாட்டானா? யாருக்காகச் செய்தோம்? காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோயமுத்தூர் போனேன்.

அறை வாசலில் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள். சாத்துக்குடிப் பையை நீட்டினேன், வாங்கவில்லை.

"மன்றத்துக்காரவுகளா?"

"தலைவரும்மா."

அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். புருஷன் மாதிரியே. "போதும் அண்ணாச்சி. எங்கள விட்ருங்க."

மருந்து வாங்க அவள் கீழே போகிற வரைக்கும் படிக்கட்டில் நின்றுவிட்டு, உள்ளே போனேன். பார்க்கவே முடியவில்லை சார். தொடை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது. இடுப்பு நொறுங்கியிருக்கிறது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பி, அதில் கயிறு, கயிற்றின் நுனியில் இரும்பு எடை. ஆபரேஷன் வரைக்கும் அதுதான் எலும்பை இழுத்துப் பிடித்திருக்கிறதாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து தன்மையாகத்தான் பேசினேன்.

"நாளைக்கு வருவாங்க கண்ணு. பைக் இடிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு."

"இடிக்கல்லியே அண்ணாச்சி."

"மண்டைல அடி. உனக்கு ஞாபகம் இருக்காது."

"எல்லாம் ஞாபகம் இருக்கு. வளைவுல செவப்பாக் கெடந்துச்சி. ரத்தம்னு நெனச்சேன். முன்னால போனவன் எவனோ விழுந்துட்டாம்னு நெனச்சேன். எனக்கு முன்னால யாருமே இல்லியே, நாந்தான மொதல்ல வாரேன்னு யோசிக்கதுக்குள்ள டயரு போயிட்டு."

போதும் என்று கையைக் காட்டினேன். அவன் நிறுத்தவில்லை.

"அந்த ஜெரால்டு அண்ணன் என் தலைய மடியில வச்சிக்கிட்டு, கழுத்த அசைக்காத தம்பி, அசைக்காதன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்பந்தான் நீங்க வந்திய. அடிக்காதிய, அடிக்காதியன்னு நான் கத்துனேன் அண்ணாச்சி. நீங்க எல்லாரும் எம் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு இருந்திய. எஞ் சத்தம் எனக்கே கேக்கல."

மயக்கத்தில் இருந்தவன் எதைப் பார்த்திருப்பான்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் விடவில்லை. "உனக்காகத்தானடா அடிச்சோம்?" என்றேன்.

"நான் கேட்டனா?"

இதைக் கேட்டுவிட்டான் சார். நான் கேட்டனா. ஒரு வருஷம். கன்னியாகுமரியிலிருந்து மேளம் அடித்துக்கொண்டு வந்தவனிடம். உங்களுக்கு எப்படி இருக்கும்? ஆத்திரத்தில் எழுந்தேன். எழும்போது அந்தக் கயிற்றில் கை பட்டுவிட்டது. பட்டது என்றால், பிடித்தேன். பிடிமானத்துக்குப் பிடிப்பதில்லையா? பிடித்தபடி, "சொல்றியா, சொல்றியா?" என்று கேட்டேன். கேட்கும்போது கை கொஞ்சம் இழுத்திருக்கும். அவன் கத்திய கத்தலில் பக்கத்து அறைக் கதவெல்லாம் திறந்தது. மலையில் கத்தினேன், கேட்கவில்லை என்றானே, இங்கே நன்றாகக் கேட்டது. தலையை ஆட்டினான். சொல்கிறேன் என்றுதான் ஆட்டினான், வேறு என்ன அர்த்தம்? அப்புறம் கண் மேலே போய்விட்டது. அந்தப் பேச்சியம்மாள் ஓடி வந்தாள். நான் வெளியே வரும் அவசரத்தில் கதவு அவள் மேல் பட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவன் நல்லவன். சொல்லிவிடுவான்.

இருங்கள், போன் அடிக்கிறது. கொமரேசன்தான்.

என்றா மாப்ள? பஸ்ஸுலதான். பள்ளிபாளையம் தாண்டியாச்சு. யாரு வந்திருக்காங்க? போலீஸா, பட்டறைக்கா? எத்தன பேரு? என்ன சொல்ற, சத்தமாச் சொல்லு. இப்பவே ஆபரேஷனா? உள்ளுக்குள்ள ரத்தமா? நினைவு வரலீன்னா எப்படிறா, நாளைக்கு வாக்குமூலம்? யாரு, அவம் பொண்டாட்டியா? அவ சொன்னா ஆச்சா? நான் எங்கடா ஆஸ்பத்திரிக்குப் போனேன்? நான் போகவே இல்லைன்னு சொல்லு. காலைல இருந்து வேற எடத்துல இருந்தாருன்னு சொல்லு. வைடா போன.

ஒன்றுமில்லை சார். கொஞ்சம் குழப்பம்.

நீங்கள் அவிநாசியில்தானே ஏறினீர்கள்? அங்கே சொந்தக்காரர் வீடா? பாருங்கள், எனக்கும் அவிநாசியில் ஒரு வேலை இருந்திருக்கலாம். கோயிலுக்கு வந்திருக்கலாம். காலையிலிருந்து நாம் இரண்டு பேரும் கோயிலில் ஒன்றாக இருந்துவிட்டு, ஒன்றாகத்தான் பஸ் ஏறினோம். இதில் யாருக்கு நஷ்டம்? உங்களைப் பார்த்தால் படித்தவர், வெளியூர் பார்த்தவர், நீங்கள் சொன்னால் போலீஸ் நம்பும். நீண்ட கதையெல்லாம் வேண்டாம். என்னோடு இருந்தார், ஒரே வார்த்தை.

பெயரும் போன் நம்பரும் சொல்லுங்கள்.

ஏன் பையை எடுக்கிறீர்கள்? திருச்செங்கோடு இன்னும் வரவில்லையே. கண்டக்டரை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? நான் என்ன செய்துவிட்டேன் உங்களை? இவ்வளவு நேரம் மனசுவிட்டுப் பேசியிருக்கிறேன். பிறத்தியாரிடம் இப்படிப் பேசுவேனா? சத்தம் போடாதீர்கள் சார், எல்லாரும் பார்க்கிறார்கள். உங்கள் கையை நான் சும்மாதான் பிடித்திருக்கிறேன்.